இடது கண்ணாடி

ஊது, இன்னும் ஊது, நிறுத்தாதே என்றார் ஏட்டு.
கோட்டையூர் விலக்கில் இரும்புத் தடுப்பைப் பிடித்தபடி
கன்னம் உப்ப ஊதினேன்.
கருவி கொஞ்சம் யோசித்துவிட்டு
ஒரு சாண் தாளைக் கக்கியது:
நூறு மில்லி ரத்தத்தில்
நூற்றுப் பதினேழு மில்லிகிராம்.
முப்பது வரைக்கும் மன்னிப்பு உண்டாம்.

வெ. சேவுகமூர்த்தி, வயது நாற்பத்தாறு.
தொழில் என்ன என்றார்.
பில் ரோல் வியாபாரம்.
கல்லுக்கட்டியில் கடை.
மருந்துக்கடை, மளிகை, பெட்ரோல் பங்க்
எல்லாவற்றுக்கும் நான்தான் சுருள் போடுகிறேன்.
அந்தக் கருவிக்குள் இருந்ததும் என் சரக்கு.
ஓரத்தில் சிவப்புக் கோடு ஓட ஆரம்பித்திருந்தது,
சுருள் தீரப்போகிறது என்று அர்த்தம்.
மாற்றிவிடுங்கள் சார் என்று சொல்ல வாயெடுத்தேன்.
ஏட்டு பார்த்த பார்வையில் மூடிக்கொண்டேன்.

பெரியாஸ்பத்திரியில் தூக்கம் கலைந்த ஒரு டாக்டரம்மா
தரையின் இணைப்புக் கோட்டில் நடக்கச் சொன்னார்.
நடந்தேன் என்றுதான் நினைத்தேன்.
கண் சிவப்பு. நடையில் தள்ளாட்டம். வாயில் மது வாடை.
கடைசியில் எழுதினார்: சுயநினைவு உள்ளது.
அந்த ஒரு வரியோடுதான்
இன்னமும் எனக்கு வழக்கு.

ஏனென்றால்
வண்டியை எடுக்கப் போன அன்று,
ஸ்டேஷன் புங்கமரத்தடியில்,
பறவை எச்சத்தைத் துடைக்கும்போது பார்த்தேன்.
இடது கண்ணாடி இல்லை.
தண்டு மட்டும் உள்பக்கமாக வளைந்து நின்றது.
வரும்போதே அப்படித்தான் என்றார் ரைட்டர்,
மகஜரில் விரல் வைத்துக் காட்டி.

பள்ளத்தூரிலிருந்து கோட்டையூர் வரை
என் ஞாபகத்தில் இருப்பது இவ்வளவுதான்:
எதிரே வந்த லாரியின் மஞ்சள் வெளிச்சம்,
பிறகு இருட்டு,
பிறகு யாரோ டம்ளரை மேசையில் வைத்தது போல
ஒரு சத்தம்.

அந்தச் சாலையில் நாலு தடவை போய்வந்தேன், பஸ்ஸில் இரண்டு, நடந்து இரண்டு.
ஒரு சில்லுகூட இல்லை.
பஞ்சர் கடையில் கேட்டேன். சிரித்தான்.
ஆஸ்பத்திரியில் கேட்டேன்,
அன்றைக்கு ராத்திரி யாராவது அடிபட்டு வந்தார்களா.
எதுக்குக் கேக்குறீங்க என்றது ஜன்னல்.
வந்துவிட்டேன்.

கேஸ்ல இல்லாததை நீங்களா ஏன் சேர்க்குறீங்க
என்றார் வக்கீல் சொர்ணவல்லி.
மரமா இருக்கும், மாடா இருக்கும்.
மறந்துட்டு அடுத்த வாய்தாவுக்கு வெள்ளைச் சட்டையில வாங்க.

வாய்தா மேல் வாய்தா.
ஒரு நாள் நடுவர் விடுப்பு, ஒரு நாள் ஏட்டு பந்தோபஸ்து.
எட்டாவது மாதம் டவாலி
என் பெயரை மூன்று முறை கூவினார்,
மூர்த்தியை நீட்டி, சேவுகத்தை விழுங்கி.

கட்டிலிருந்து தாளை எடுத்த அரசு வக்கீல்
ஜன்னல் பக்கம் தூக்கிப் பிடித்தார்.
திருப்பினார். மறுபடி திருப்பினார்.
வெள்ளை.
நடுவர் கேட்டார், அளவு எவ்வளவு?

மலிவு ரகம் அது. ஆறு மாதத்துக்கு மேல் எழுத்து நிற்காது.
ஸ்டேஷனுக்கு அதையே தள்ளிவிட்டவன் நான்தான்,
சுருளுக்கு நாலு ரூபாய் லாபம் பார்த்து.

சொர்ணவல்லியின் கண்கள் மின்னின.
மறுத்துடுங்க, கிசுகிசுத்தார், ஒரே வார்த்தை.

நூற்றுப் பதினேழு, அய்யா, என்றேன்.

நடுவர் அப்போதுதான் நிமிர்ந்து என்னைப் பார்த்தார்.
குற்றத்தை ஒப்புக்கொள்கிறீரா?
ஒப்புக்கொள்கிறேன்.
எந்தக் குற்றத்தை என்று அவர் கேட்கவில்லை.
கேட்டிருந்தால் சொல்லியிருப்பேனா,
அது எனக்கும் தெரியாது.

பத்தாயிரம் அபராதம்.
லைசென்ஸ் ஆறு மாதம் முடக்கம்.
நீதிமன்றம் கலையும்வரை இருக்க வேண்டும்.

கடைசி பெஞ்சில் உட்கார்ந்தேன்.
செக் மோசடி, வரப்புத் தகராறு, ஜீவனாம்சம்.
டவாலி ஒவ்வொரு பெயராகக் கூவினார்.
சிலருக்கு ஆள் வந்தது.
ஒரு பெயருக்கு மூன்று முறை கூவியும்
யாரும் வரவில்லை.
அந்தப் பெயரை உள்ளங்கையில் எழுதிக்கொண்டேன்,
சட்டைப்பையில் தாள் இல்லாததால்.